நாடியை எண்ணும் கருவியும் நலம் வினவும் நெஞ்சும்

(அறக்கட்டளையின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

ஓர் இல்லத்தை மனக்கண் முன் நிறுத்திப் பார்க்க வேண்டுகிறது இவ்வுரை. 12ஆம் வகுப்பில் பயிலும் மகள். பொதுத்தேர்வுக்கு இன்னும் 10 நாள்களே உள்ளன. பிறந்தநாள் பரிசாகத் தந்தையார் வாங்கித் தந்த ‘ஸ்மார்ட் வாட்ச்’ எனப்படும் திறன்கடிகாரம் அவள் மணிக்கட்டில் இருக்கிறது. அது அவளுடைய நாடித்துடிப்பை இரவும் பகலும் எண்ணுகிறது. எண்ணியதைத் தந்தையாரின் கைப்பேசிக்கும் அனுப்புகிறது. இரவு 11 மணி. கூடத்தில் அமர்ந்திருக்கும் தந்தையாரின் திரையில் ‘மன அழுத்தம் மிகுதி’ என்றொரு செய்தி ஒளிர்கிறது. அவர் எழுந்து அறை வாயிலுக்குச் செல்கிறார். “என்னம்மா, எதற்கு இவ்வளவு பதற்றம்? கடிகாரம் காட்டுகிறதே!” என்கிறார். “ஒன்றுமில்லை அப்பா” என்கிறாள் மகள். அவர் திரும்பிச் சென்றதும் கடிகாரத்தைக் கழற்றி மேசை இழுப்பறைக்குள் வைத்துவிடுகிறாள்.

இது கற்பனைக் காட்சிதான். எனினும் இத்தகைய கடிகாரம் புகுந்த இல்லங்கள் பலவற்றில் இது நிகழக்கூடியதே. தந்தையாரின் அன்பில் குறையில்லை. கருவியும் தன் வேலையைச் செய்தது. அவ்வாறாயின் மகள் ஏன் அதைக் கழற்றினாள்? இவ்வினாவுக்கு விடை தேடுவதே இவ்வுரையின் நோக்கம்.

உளநலம் பற்றிய பேச்சு இளையோரிடமிருந்தே தொடங்க வேண்டும் என்பதற்குத் தக்க காரணம் உண்டு. மனநலக் கோளாறுகளுள் பாதியளவு 18 வயதுக்குள்ளேயே தலைகாட்டத் தொடங்கிவிடுகின்றன என்றும், அவற்றுள் பெரும்பாலானவை கண்டறியப்படாமலும் மருத்துவம் பெறாமலும் போகின்றன என்றும் உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. 10 முதல் 19 வயது வரை உள்ளோரில் ஏழு பேருக்கு ஒருவர் ஏதேனும் ஒரு மனநலக் கோளாற்றுக்கு ஆட்பட்டிருப்பதாகவும் அந்நிறுவனம் கணக்கிட்டுள்ளது. வெளியே தெரியாத ஒன்றை எப்படி அறிவது என்ற ஏக்கமே பெற்றோரை இக்கருவிகளின்பால் ஈர்க்கிறது.

உடலுக்கு ஒரு கண்ணாடி

முகத்தில் ஒட்டியிருக்கும் கரியை ஒருவர் தாமே காண இயலாது. கண்ணாடி காட்டினால் துடைத்துக்கொள்வார். அதுபோல, உடலுக்குள் தன்னியல்பாக நிகழ்வனவற்றைக் கருவியால் அளந்து, ஒளியாகவோ ஒலியாகவோ எண்ணாகவோ உரியவர்க்கே உடனுக்குடன் காட்டி, அவற்றை அவரே நெறிப்படுத்தப் பயிற்றுவிக்கும் முறைக்கு ‘பயோஃபீட்பேக்’ என்று பெயர். தமிழில் உயிரியல் பின்னூட்டம் எனலாம்.

இதன் வேர் பழையது. 1888ஆம் ஆண்டில் பிரெஞ்சு மருத்துவர் சார்ல் ஃபெரே, மனம் கிளர்ச்சியுறும்போது தோலின் வழியே மின்சாரம் கூடுதலாகப் பாய்வதைக் கண்டறிந்தார். உள்ளங்கையின் வியர்வைச் சுரப்பிகள் சிறிதளவு ஈரம் கசியவிடுவதே அதற்குக் காரணம். இன்று சில திறன்கடிகாரங்களில் உள்ள தோல் மின்கடத்துமானியின் முன்னோடி அதுவே. 1930களின் பிற்பகுதியில் அமெரிக்க உடலியல் அறிஞர் ஆல்ரிக் ஹெர்ட்ஸ்மன், தோலின்மேல் ஒளியைப் பாய்ச்சி இரத்த ஓட்டத்தை அளக்கும் முறையை வளர்த்தார். கடிகாரத்தின் அடிப்புறத்தில் மின்னும் பச்சை ஒளி அம்முறையின் வழிவந்ததாகும். குருதி பச்சை ஒளியை உறிஞ்சும் இயல்புடையது. ஒவ்வொரு துடிப்பின்போதும் மணிக்கட்டில் குருதி பெருகுவதால் திரும்பி வரும் ஒளி சற்றே குறைகிறது. அக்குறைவுகளை எண்ணினால் நாடித்துடிப்பு கிடைத்துவிடுகிறது.

1969ஆம் ஆண்டில் கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகா நகரில் இத்துறை ஆய்வாளர்கள் ஒன்றுகூடித் தமக்கெனக் கழகம் ஒன்றை நிறுவினர். அக்காலத்தில் இத்துறைக்குப் பெரும் ஊக்கம் தந்தவர் நீல் மில்லர் என்னும் உளவியல் அறிஞர். விலங்குகளின் இதயத்துடிப்பைப் பயிற்சியால் மாற்ற இயலும் என்று அவரும் அவர்தம் குழுவினரும் வெளியிட்ட முடிவுகள் உலகையே வியக்கவைத்தன. பின்னர் அச்சோதனைகளை மீண்டும் செய்தபோது அதே முடிவுகள் கிட்டவில்லை. மில்லர் அதை மறைக்கவில்லை. தாமே எழுதி வெளிப்படுத்தினார். ஒரு துறையின் முன்னோடியே இவ்வாறு நடந்துகொண்டதை, இன்றைய விளம்பரங்களைப் படிப்போர் நினைவில் கொள்ளுதல் நன்று. கருவி எதைச் செய்யும் என்பதோடு எதைச் செய்யாது என்பதையும் சொல்பவரையே நம்புதல் வேண்டும்.

ஊஞ்சலும் மூச்சும்

இக்கருவிகள் உண்மையாகவே துணைபுரியும் இடம் ஒன்று உண்டு. அது மூச்சு.

நலமான இதயம் கடிகார முள்போல ஒரே சீராகத் துடிப்பதில்லை. மூச்சை உள்ளே இழுக்கும்போது சற்று விரைந்தும், வெளியே விடும்போது சற்றுத் தணிந்தும் துடிக்கிறது. இரு துடிப்புகளுக்கு இடைப்பட்ட கால அளவில் உண்டாகும் இவ்வேறுபாட்டையே இதயத்துடிப்பு மாறுபாடு என்பர். உடல் ஓய்ந்திருக்கையில் இம்மாறுபாடு பொதுவாக மிகுந்திருக்கும். அச்சமும் நெருக்கடியும் சூழும்போது சுருங்கும்.

இரத்த அழுத்தம் ஏறினால் இதயத்தைத் தணிக்கவும், இறங்கினால் விரைவுபடுத்தவும் உடலில் ஓர் இயற்கை அமைப்பு உள்ளது. அது ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 10 நொடிகள் ஆகும். வளர்ந்தவர் ஒருவர் நிமிடத்திற்கு ஏறத்தாழ 6 முறை மூச்சுவிட்டால், ஒரு மூச்சுக்கும் 10 நொடிகள் ஆகின்றன. இரண்டும் ஒத்திசைகின்றன. ஊஞ்சல் பின்வந்து திரும்பும் நேரம் பார்த்துத் தள்ளினால் சிறிது விசையிலேயே அது உயர எழுவது போல, அந்த வேகத்தில் மூச்சுவிடும்போது இதயத்துடிப்பின் ஏற்ற இறக்கம் பெருகுகிறது. எவ்வளவு வேகம் என்பது ஆளுக்கு ஆள் சிறிது வேறுபடும். சிறுவர்க்குச் சற்றுக் கூடுதல். அவரவர்க்குரிய வேகத்தைக் கண்டுபிடிக்கவும், அதில் நிலைத்திருக்கப் பழகவும் கருவி துணைசெய்கிறது.

2001ஆம் ஆண்டில் இத்தாலிய ஆய்வாளர் லூச்சானோ பெர்னார்டியும் அவர்தம் குழுவினரும் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்குக் கருதத்தக்கது. கத்தோலிக்கர் செபமாலையை இலத்தீனில் ஓதும்போதும், மந்திரம் ஒன்றை உருவிடும்போதும் மூச்சு நிமிடத்திற்கு ஏறத்தாழ 6 என்ற அளவுக்குத் தணிவதை அவர்கள் அளந்து காட்டினர். கருவி கற்றுத்தரும் மூச்சு வேகத்தை, கருவியே அறியாத காலத்து மக்கள் ஓதுதல் வழியாக எட்டியிருந்தனர் என்பது இதனால் புலனாகிறது.

இப்பயிற்சியின் பயனையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. 2017இல் 24 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற 484 பேரையும் ஒருசேர வைத்து ஆராய்ந்த ஓர் ஆய்வுரை, இதயத்துடிப்பு மாறுபாட்டுப் பின்னூட்டப் பயிற்சி பெற்றோர் தம் மன அழுத்தமும் பதற்றமும் குறைந்ததாக உணர்ந்தனர் என்று முடிவு கூறியது.

சினம் ஏறினால் சுட இயலாத விளையாட்டு

இளையோர்க்கென்றே ஆன ஓர் எடுத்துக்காட்டு பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் உருவானது. அடக்கவொண்ணாச் சினத்தால் துன்புற்று உளமருத்துவப் பிரிவில் சேர்க்கப்பட்ட சிறுவர்க்காக ‘ரேஜ் கன்ட்ரோல்’ என்னும் கணினி விளையாட்டை அங்குள்ளோர் ஆக்கினர். வேற்றுலக விண்கலங்கள் திரையில் வரும். அவற்றைச் சுட வேண்டும். நட்புக் கலங்களைச் சுடலாகாது. விளையாடுபவரின் விரலில் மாட்டிய சிறு கருவி நாடித்துடிப்பைத் திரையில் காட்டிக்கொண்டிருக்கும். துடிப்பு ஓர் எல்லையைத் தாண்டினால் சுடும் ஆற்றல் நின்றுவிடும். மூச்சைத் தணித்து, நெஞ்சை அமைதிப்படுத்திய பின்னரே அது மீண்டு வரும்.

9 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளைக் கொண்டு நடந்த தொடக்க ஆய்வின் முடிவு 2012இல் வெளிவந்தது. 19 பேர் வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றனர். 18 பேர் அதனுடன் ஒவ்வோர் உளமருத்துவ அமர்வின் இறுதியிலும் 15 நிமிடம் இவ்விளையாட்டை ஆடினர். ஐந்து அமர்வுகளுக்குப் பின், விளையாடியோரின் சின அளவு குறிப்பிடத்தக்க வகையில் தணிந்திருந்தது. துடிப்பை அடக்கிவைக்கும் திறனும் கூடியிருந்தது. சிறிய ஆய்வுதான், ஆயினும் அதன் அமைப்பு எண்ணத்தக்கது.

வீட்டில் பிள்ளை சினந்தால் பெரியவர் என்ன செய்கிறார்? “கோபப்படாதே! முதலில் அமைதியாக இரு!” என்று உரத்த குரலில் ஆணையிடுகிறார். அக்குரலே பிள்ளையின் நாடியை மேலும் விரைவாக்குகிறது. அந்த விளையாட்டோ ஆணையிடவில்லை, குற்றம் சாட்டவில்லை, பிறர் முன் இழிவுபடுத்தவில்லை. துடிப்பைப் பிள்ளையின் கண்முன் வைத்துவிட்டுக் காத்திருந்தது. தணிக்கும் பொறுப்பும் தணித்த பெருமையும் பிள்ளைக்கே உரியனவாயின. அன்றியும், அது தனித்து நிற்கவில்லை. பயிற்சி பெற்ற உளமருத்துவர் ஒருவர் அருகிருந்தார். இவ்விரண்டும் இல்லாதவிடத்து அதே கருவி வேறொன்றாகிவிடும்.

எண் சொல்லும், காரணம் சொல்லாது

கருவியின் எல்லை இனிக் கருதத்தக்கது. நாடி விரைதலும் உள்ளங்கை வியர்த்தலும் உடல் கிளர்ச்சியுற்றதன் அடையாளங்கள். அக்கிளர்ச்சி அச்சமா, மகிழ்ச்சியா, மாடிப்படி ஏறிய களைப்பா, காய்ச்சலா என்று மணிக்கட்டுக் கருவியால் உறுதியாகச் சொல்ல இயலாது. தோழி அனுப்பிய நகைச்சுவையைப் படித்துச் சிரித்தாலும் துடிப்பு ஏறும். கையை ஆட்டினாலே ஒளியளவு குழம்பி எண் பிறழும். ‘மன அழுத்தம்’ என்று திரையில் தோன்றும் சொல், எண்களிலிருந்து உய்த்துணர்ந்து கூறப்படும் ஒரு மதிப்பீடே ஆகும்.

மதிப்பீடு தவறினால் தீங்கென்ன என்று கேட்கலாம். 1966இல் அமெரிக்க உளவியலாளர் ஸ்டூவர்ட் வாலின்ஸ் ஒரு சோதனை செய்தார். மாணவர்க்குப் படங்களைக் காட்டி, அவர்தம் இதய ஒலி என்று கூறி ஓர் ஒலியைக் கேட்கச் செய்தார். உண்மையில் அது முன்னரே பதிவுசெய்யப்பட்ட பொய்யொலி. எந்தப் படத்தின்போது அவ்வொலி மாறியதோ அந்தப் படமே தமக்கு மிகவும் பிடித்ததென்று மாணவர் கருதினர். தன் உடலைப் பற்றிப் பிறிதொன்று சொல்வதை மனிதர் எத்துணை எளிதில் நம்பிவிடுகின்றனர் என்பதை அது காட்டிற்று. அமைதியாக அமர்ந்திருக்கும் பிள்ளையிடம் ‘நீ பதற்றமாய் இருக்கிறாய்’ என்று கடிகாரம் சொன்னால், சொன்ன பிறகு பதற்றம் பிறக்கக்கூடும்.

உறக்கத்தின் நிலையும் இதுவே. 2017இல் அமெரிக்க மருத்துவ ஆய்வாளர் சிலர், உறக்கத்தை அளக்கும் கருவிகளின் மதிப்பெண்ணைப் பற்றியே கவலைப்பட்டு உறக்கம் கெட்டவர்களைக் கண்டு எழுதினர். அந்நிலைக்கு ‘ஆர்த்தோசோம்னியா’ என்று பெயரும் இட்டனர். பள்ளி மதிப்பெண்ணுக்கு ஏற்கெனவே அஞ்சும் பிள்ளைக்கு உறக்கத்திற்கும் ஒரு மதிப்பெண், அமைதிக்கும் ஒரு மதிப்பெண் என்றால் சுமை கூடுமேயன்றிக் குறையாது.

கருவியின் எண்ணை எவ்வாறு கொள்ள வேண்டும் என்பதற்குச் சான்றாக ஒரு நிகழ்ச்சி உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனப் பேராசிரியர் ரோசலிண்ட் பிகார்டு, உணர்ச்சிகளைக் கணினி வழியே அறியும் துறையை வளர்த்தவர். அவருடைய மாணவர் ஒருவர், பேச இயலாத தம் சிறிய தம்பிக்காக, அவனுக்கு எது மனவருத்தம் தருகிறது என்றறியும் பொருட்டு, தோல் மின்கடத்துமானிகள் இரண்டை விடுமுறையில் வீட்டுக்கு எடுத்துச் சென்றார். வந்து சேர்ந்த அளவுகளில் ஒரு நாள் மட்டும் ஒரு கையில் மிகப் பெரிய ஏற்றம். மறு கையிலோ ஒன்றுமில்லை. பேராசிரியர்க்குப் பொருள் விளங்கவில்லை. பழுது எனத் தள்ளிவிடவும் இல்லை. ‘மன அழுத்தம்’ எனத் தாமே முடிவுகட்டவும் இல்லை. தொலைபேசியை எடுத்து அக்குடும்பத்தை வினவினார். அந்த ஏற்றத்துக்குச் சிறிது நேரத்திற்குப் பின் அச்சிறுவனுக்கு வலிப்பு வந்திருந்தது தெரியவந்தது. அங்கே தொடங்கிய ஆராய்ச்சி, வலிப்பை அறிவிக்கும் கைப்பட்டையாக வளர்ந்து, 2018இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிருவாகத்தின் ஒப்புதலும் பெற்றது. கருவி ஒரு வினாவை எழுப்பியது. விடையை மனிதரிடம் கேட்டே பெற வேண்டியிருந்தது.

யார் கையில் இருக்கிறது?

சீனாவின் ஜெஜியாங் மாநிலத்து ஜின்ஹுவா பகுதியில் ஒரு தொடக்கப்பள்ளியில் மாணவர்தம் தலையில் மூளை மின்னலைகளை அளக்கும் பட்டை மாட்டப்பட்டது. கவனத்தின் அளவுக்கேற்ப நெற்றியிலுள்ள விளக்கின் நிறம் மாறும். ஆசிரியர் வகுப்பைப் பார்த்த அளவிலேயே யார் கவனிக்கிறார், யார் கவனிக்கவில்லை என்று அறியலாமாம். இச்செய்தி 2019இல் வெளிப்பட்டபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. அதிகாரிகள் அப்பயன்பாட்டை நிறுத்தினர்.

பாஸ்டனிலும் ஜின்ஹுவாவிலும் செய்யப்பட்டது உடலை அளத்தல்தான். பாஸ்டனில் அளவு பிள்ளைக்குக் காட்டப்பட்டது. ஜின்ஹுவாவில் பிள்ளையைப் பற்றிப் பிறர்க்குக் காட்டப்பட்டது. முன்னது பயிற்சி, பின்னது காவல். உரையின் தொடக்கத்தில் கண்ட மகள் கடிகாரத்தைக் கழற்றியதன் காரணம் இங்கே விளங்குகிறது. தன் நெஞ்சின் நிலை தனக்குத் தெரியுமுன் கூடத்திலிருந்தவர்க்குத் தெரிந்துவிட்டது. தான் சொல்ல விரும்பும் நேரத்தில், விரும்பும் சொற்களில் சொல்லும் உரிமை அவளிடமிருந்து போய்விட்டது.

இந்திய நாடாளுமன்றம் 2023இல் இயற்றிய எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதோரைக் குழந்தை எனக் கொண்டு, அவர்தம் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. குழந்தைகளின் நடத்தையைத் தொடர்ந்து கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும், விதிகள் தரும் விலக்குகள் நீங்கலாக, அது தடுக்கிறது. ஒப்புதல் பொத்தானை அழுத்துமுன் பெற்றோர் வினவ வேண்டியவை மூன்று: இந்த அளவுகள் எங்கே சேமிக்கப்படுகின்றன? யார் யார் பார்க்கலாம்? வேண்டாம் என்றால் அழிக்க இயலுமா? நிறுவனம் பார்க்கலாகாது என்று சட்டம் வரம்பு கட்டும்போது, வீட்டார் பார்ப்பதற்கும் பிள்ளையின் இசைவைப் பெறுதல் பண்பாகும்.

இல்லத்தில் செய்யத்தக்கவை

கருவியை வாங்குவதா வேண்டாவா என்பதை அந்தந்தக் குடும்பமே முடிவுசெய்யும். வாங்குவோர் சிலவற்றைக் கருதலாம். அளவுகள் முதலில் பிள்ளையின் கண்ணுக்கே தெரியட்டும். பகிர்வது அவர் விருப்பமாகட்டும். நாள் முழுதும் அணிவதைவிட, காலையிலோ மாலையிலோ 10 நிமிடம் மூச்சுப் பயிற்சிக்கு மட்டும் பயன்படுத்துவது சிறப்பு. திரையைப் பாராமலே ‘இப்போது துடிப்பு எவ்வளவு இருக்கும்?’ என்று பிள்ளை முதலில் உணர்ந்து சொல்லிப் பிறகு எண்ணைப் பார்க்கட்டும். சில வாரங்களில் உடலின் குறிப்பு தானே புலப்படத் தொடங்கினால் கருவி தன் வேலையை முடித்துவிட்டது என்று பொருள். நீச்சல் பழகியவர்க்கு மிதவை தேவையில்லை அன்றோ?

எந்தக் கடிகாரமும் மருத்துவரின் இடத்தை நிரப்பாது. பல நாள் உறங்காமை, உணவில் வெறுப்பு, நண்பரை விட்டு ஒதுங்குதல், விரும்பிய விளையாட்டிலும் நாட்டமின்மை, வாழ்வே வேண்டாம் என்னும் பேச்சு ஆகியவை தோன்றினால், எண் பச்சையாக இருந்தாலும் காத்திராமல் மனநல மருத்துவரை நாட வேண்டும். இந்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். ஊரார் என்ன சொல்வர், நாளை பெண் கொடுக்கல் வாங்கலுக்குத் தடையாகுமோ என்ற தயக்கத்தில் ஓர் ஆண்டு கழிந்துபோன குடும்பங்கள் உண்டு. சிறு சமுதாயத்தில் ஒருவரை ஒருவர் அறிந்திருப்பது அச்சத்துக்குக் காரணமாகலாம். அதுவே ஆறுதலுக்கும் காரணமாகலாம். எது என்பதை முடிவுசெய்வோர் இவ்வவையில் அமர்ந்திருப்போரே.

மீண்டும் அந்த இல்லத்துக்கு வருக. மறுநாள் தந்தையார் தம் கைப்பேசியில் அந்த இணைப்பை நீக்கிவிடுகிறார். மகளிடம் அதைச் சொல்லியும் விடுகிறார். இரவு உணவு முடிந்தபின் புத்தகத்தோடு அமர்ந்திருக்கும் அவளருகே சென்று, தேர்வைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல், “இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லையே அம்மா” என்று மட்டும் சொல்லிச் சற்று நேரம் உடனிருக்கிறார். அன்று அவள் ஒன்றும் சொல்லாதிருக்கலாம். மறுநாளும் சொல்லாதிருக்கலாம். மூன்றாம் நாள், “வேதியியல் நினைவிலேயே நிற்கவில்லை அப்பா, பயமாக இருக்கிறது” என்று அவளே வாய் திறக்கலாம். இழுப்பறையில் கிடக்கும் கடிகாரம் அப்போது தேவைப்பட்டால் அவளே எடுத்து மூச்சுப் பயிற்சிக்கு அணிந்துகொள்வாள்.

அந்த மூன்றாம் நாள்வரை காத்திருக்கும் பொறுமை எந்தக் கடையிலும் விற்கப்படுவதில்லை. அது ஒவ்வோர் இல்லத்திலும் உண்டு என்ற நம்பிக்கையோடு இவ்வுரை நிறைவுபெறுகிறது.